பதினான்காவது ஆரஞ்சு

போன வாரம் க்ளென்னை ஆரஞ்சு மரத்தடியில், கையில் கடிதத்தோடு நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். அவன் அங்கேயே நின்றுவிடவில்லை. தண்ணீர் பாய்ச்சும் முறை வந்துவிட்டது. உலகமே இடிந்து விழுந்தாலும் ரென்மார்க் ஊர்த் தோட்டங்களில் முறைத் தண்ணீரை யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

கடிதம் மத்தியஸ்தம் செய்யும் அம்மாளிடமிருந்து வந்தது. க்ளென்னோடு விவாகரத்தாகி இரண்டு வருடங்களாக அடுத்த மாநிலமான விக்டோரியாவின் மில்டூராவில் இருக்கும் மார்னிக்கு, கடலோர வார்னம்பூலில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருக்கிறது. ஏழு மணி நேரப் பயணம். மகள் பிப்பாவையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்கிறாள். க்ளென் சரி என்று சொல்லாமல் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அவன் முடியாது என்றால் கோர்ட்டு. வருகிற செவ்வாய்க்கிழமை இருவரும் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும்.

இப்போது பத்து வயது பிப்பா இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவிடம் வருகிறாள். வார்னம்பூல் என்றால் அது பள்ளி விடுமுறைக்கு ஒரு தடவை என்று ஆகிவிடும்.

கடிதத்தோடு ஒரு படிவமும் வந்திருந்தது. பன்னிரண்டு கேள்விகள். பிப்பா போன தடவை விட்டுவிட்டுப் போன நீல மைப் பேனாவால் க்ளென் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினான். ஒன்பதாவது கேள்வி: பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதற்காக நீங்கள் ஊர் மாற முடியுமா? முடியாதென்றால் காரணம் என்ன?

அதற்கு ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். க்ளென் ஒரே வார்த்தை எழுதினான்: மரங்கள்.

அதே தாளின் பின்பக்கத்தில், மார்னியிடம் சொல்ல வேண்டிய பதினோரு பாயிண்டுகளையும் எழுதினான். நான்கு நாளாக டிராக்டரிடம் சொல்லிப் பார்த்தான். டிராக்டர் ஒரு பாயிண்டைக்கூட மறுக்கவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பிப்பாவை வாங்கிக்கொள்ளப் போகும் நாள். மார்னி டிராக்டர் மாதிரி இருக்க மாட்டாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பிள்ளையைக் கை மாற்றுகிற இடம் மாநில எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பழச் சாவடி. பழ ஈ உள்ளே வந்துவிடக் கூடாதென்று, விக்டோரியா பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, பழம் இருக்கிறதா என்று பார்க்கிற இடம். ரென்மார்க்கிலிருந்து கால் மணி நேரம். மில்டூராவிலிருந்து ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல். அடிலெய்டில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்த வக்கீல் ஒருவர், எல்லை என்றால் சரி பாதிதானே என்று நினைத்து எழுதிவிட்டார். அந்த வக்கீலை மார்னி இன்னும் மன்னிக்கவில்லை.

நேரத்திலும் ஒரு கூத்து. விக்டோரியாவின் கடிகாரம் அரை மணி முந்தி ஓடும். கோர்ட்டு உத்தரவில் 'மாலை ஐந்து' என்றுதான் இருந்தது, யாருடைய ஐந்து என்று இல்லை. முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு தடவையும் ஒருவர் அரை மணி காத்திருப்பதும் அடுத்தவர் வந்ததும் கத்துவதுமாக ஓடியது. கடைசியில் சாவடியில் வண்டிகளைச் சோதிக்கும் லொரைன்தான் தீர்ப்புச் சொன்னாள். அவள் அறைச் சுவரில் தொங்கும் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான் நேரம். அந்தக் கடிகாரம் இரண்டு மாநிலத்துக்கும் ஒத்துவராமல் பன்னிரண்டு நிமிடம் மெதுவாக ஓடுகிறது. அதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

லொரைனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளியில் மார்னிக்கு நெட்பால் ஆடச் சொல்லிக் கொடுத்தவள். க்ளென்-மார்னி கல்யாணத்தில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடியவள். ஆனால் சாவடியின் மஞ்சள் சட்டையை மாட்டிவிட்டாளானால் அவளுக்கு உறவும் கிடையாது, ஊரும் கிடையாது. கர்ப்பமாக இருந்த சொந்த அண்ணன் மகளிடமிருந்து பாதி கடித்த பிளம் பழத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்ட கதை ரென்மார்க் முழுக்கத் தெரியும்.

"வண்டில பழம், காய், செடி, மண்ணு?" என்றாள் லொரைன், க்ளென்னின் வண்டி ஜன்னலில் குனிந்து.

"லொரைன், நான் இந்தப் பக்கத்துலேர்ந்துதானே வரேன்!"

"சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் நிறுத்துவ, பொண்ண ஏத்திக்கிட்டுத் திரும்பி வருவ. அப்ப கேக்கறத இப்பவே கேட்டு வைக்கிறேன்."

"ஒண்ணும் இல்ல."

"சட்டைப் பையில என்னடா பேப்பர்?"

"அது பழம் இல்ல."

"பதினோரு பாயிண்டா?"

க்ளென் திடுக்கிட்டான். உரக் கடைக்காரரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். உரக் கடைக்காரரின் மனைவி லொரைனோடு தையல் வகுப்புக்குப் போகிறாள் என்பதை மறந்துவிட்டான்.

"பதினொண்ணு ஜாஸ்திடா," என்றாள் லொரைன். "உனக்கு மூணுக்கு மேல ஞாபகம் இருக்காது."

சாவடிக்கு அந்தப் பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மர மேஜை ஒன்றும் இரண்டு பெஞ்சும் இருக்கின்றன. ஆகஸ்ட் மாதக் குளிரில் க்ளென் அங்கே உட்கார்ந்து முதல் மூன்று பாயிண்டுகளை முணுமுணுத்தான். லொரைனின் கடிகாரத்தில் ஐந்தடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது மார்னியின் வெள்ளைக் கார் வந்து நின்றது.

கதவு முழுசாகத் திறக்கும் முன்னாலேயே பிப்பா குதித்து ஓடி வந்தாள். வந்தவள் எப்போதும் செய்வதுபோல அப்பாவின் கம்பளிச் சட்டையில் மூக்கைப் புதைத்துக்கொண்டாள்.

"வளர்ந்துட்டியா?"

"ரெண்டு வாரத்துல எப்படிப்பா வளருவேன்?"

"வளர்ந்துட்ட மாதிரிதான் இருக்கு," என்றான் க்ளென். இனிமேல் விடுமுறைக்கு விடுமுறைதான் பார்ப்போம் என்றால் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது.

அதற்குள் மார்னி காரின் பின்கதவைத் திறந்து ஒரு சணல் பையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"இந்தா, உன் பழம்."

க்ளென்னுக்கு அந்தப் பை தெரியும். போன தடவை, ஞாயிற்றுக்கிழமை, பிப்பாவைத் திருப்பி அனுப்பும்போது தன் கையால் பறித்துப் போட்டுக் கொடுத்தது. நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, மேலே இரண்டு, ஆகப் பதினான்கு. அடுத்த தடவை வரும்போது பை காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தான்.

"ஒண்ணுகூடவா உரிக்கல?"

"பதினோரு வருஷம் உரிச்சேன் க்ளென். ஜாம் போட்டேன், ஜூஸ் போட்டேன், கேக்கு போட்டேன். ஆரஞ்சைப் பாத்தாலே எனக்குப் பல்லு கூசுது."

"சரி, ஏன் திருப்பிக் கொண்டாந்த? அங்கயே யாருக்காவது குடுக்கறதுதானே?"

"சமையக்கட்டு அலமாரியெல்லாம் காலி பண்ணிட்டிருக்கேன், அதான்..." மார்னி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

க்ளென் மெதுவாக நிமிர்ந்தான். "காலி பண்ணிட்டிருக்கியா? பேச்சுவார்த்தை செவ்வாய்க்கிழமை. நான் இன்னும் சரின்னே சொல்லல."

"தட்டு முட்டு சாமான் மட்டும்தான்."

"தட்டைக் கட்டி வெச்சுட்டு எதுல சாப்பிடறீங்க?"

"பேப்பர் தட்டுலப்பா," என்றாள் பிப்பா உதவியாக.

சாவடியில் வேறு வண்டி இல்லை. லொரைன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பையைப் பார்த்தாள்.

"இது உள்ள வராது."

"லொரைன், இது என் தோட்டத்துப் பழம். இதோ அங்க, கால் மணி நேரத்துல இருக்கு மரம். வேணும்னா மரத்தையே காட்டறேன்."

"ரெண்டு வாரம் மில்டூராவுல குடியிருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு."

"அப்ப அது மில்டூரா பழம். வெளியூர் போயிட்டு வந்தது வெளியூர்தான். என் சட்டம் இல்ல, போர்டு பாரு."

க்ளென்னுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப ரெண்டு வருஷம் மில்டூராவுல குடியிருந்த பொண்ணு? அவளையும் உள்ள விட மாட்டீங்களா?"

"பொண்ணுக்கு ஈ மொய்க்காதுடா," என்றாள் லொரைன் நிதானமாக. "குப்பைல போடு, இல்ல மார்னி திருப்பிக் கொண்டுபோகட்டும்."

"நான் கொண்டுபோக மாட்டேன்," என்றாள் மார்னி.

"நான் குப்பைல போட மாட்டேன்," என்றான் க்ளென்.

"அப்ப தின்னு."

அதை லொரைன் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் க்ளென் பெஞ்சில் சட்டென்று உட்கார்ந்து பையைக் கவிழ்த்தான். ஆரஞ்சுகள் மேஜையில் உருண்டன. எண்ணினான். பதிமூன்று.

"ஒண்ணு குறையுது!" அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஒண்ணு தின்னுருக்கீங்க! மார்னி, ஒத்துக்கோ!"

"சத்தியமா நான் தொடல."

பிப்பா தன் ஷூ நாடாவைக் கட்டத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

க்ளென் கட்டை விரலை விட்டு முதல் பழத்தை உரித்தான். நல்ல பழம். கோபத்தில் தின்றாலும் நல்ல பழம் நல்ல பழம்தானே. ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது. பிப்பாவும் எதிரே உட்கார்ந்து ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

மார்னி கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றாள். "நோட்டுல கையெழுத்துப் போடு க்ளென். நான் கிளம்பணும். இருட்டிட்டா ரோட்டுல கங்காரு."

நோட்டு என்பது தகவல் நோட்டு. பேசினால் சண்டை வருகிறது என்பதால், பிள்ளையைப் பற்றிய சேதிகளை எழுதிப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. நோட்டு பிப்பாவோடு போகும், பிப்பாவோடு வரும். 'இருமல் மருந்து மூன்று வேளை' என்று மார்னி எழுதினால் 'எனக்குத் தெரியாதா' என்று அவன் எழுதுவான். ஒவ்வொரு கை மாற்றுக்கும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

க்ளென் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டு வரை சாறு வழிந்தது. "இந்தக் கையோட நோட்டைத் தொட மாட்டேன். முடிச்சுட்டுப் போடறேன்."

"இன்னும் பதினொண்ணு இருக்கு!"

"உதவி பண்ணு."

மார்னி வானத்தைப் பார்த்தாள், லொரைனைப் பார்த்தாள், பிப்பாவைப் பார்த்தாள். பிறகு எதிர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, ஒரு பழத்தை எடுத்து, பழக்கப்பட்ட கையால் ஒரே சுருளாகத் தோலை உரித்தெடுத்தாள். பதினோரு வருடப் பயிற்சி அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

"நீங்க?" என்று க்ளென் லொரைனிடம் ஒன்றை நீட்டினான்.

"டியூட்டில இருக்கேன்."

மூன்றாவது பழத்தின்போதுதான் க்ளென்னுக்குப் பாயிண்டுகள் ஞாபகம் வந்தன. சாறு வழியும் கையாலேயே தாளை எடுத்து மேஜைமேல் விரித்தான். தொண்டையைச் செருமினான்.

"முதல் பாயிண்ட். 'வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசப்படுகிறதா?'"

மார்னி உரிப்பதை நிறுத்தினாள். "இதைச் சொல்லத்தான் நாலு நாளா டிராக்டர்கிட்ட பேசிட்டிருந்தியா? லொரைன் எல்லாம் சொல்லிட்டாங்க."

"பக்கம் மாறிடுச்சு." அவசரமாகத் திருப்பப் போனான்.

"இரு, இரு." மார்னி தாளை இழுத்தாள். அவள் கையிலும் சாறுதான். "ஒன்பதாவதுக்கு என்ன எழுதியிருக்க? மரங்கள். இவ்ளோதானா?"

"வேற என்ன எழுதறது? நாலாயிரம் இருக்கு. ஒவ்வொண்ணா பேரு எழுதணுமா?"

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை. அவள் குரல் இறங்கிவிட்டது.

"எனக்கும் பதினோரு வருஷம் இதே பதில்தான் க்ளென். ஒரு வாரம் கடலுக்குப் போலாமான்னா, மரங்கள். அக்கா கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி போலாமான்னா, மரங்கள். பிப்பா பொறந்த அன்னிக்குக்கூட ஆஸ்பத்திரிக்கு மண்ணு காலோட வந்து நின்ன, ஞாபகம் இருக்கா? பனி விழற ராத்திரி, மரத்தைப் பாத்துட்டு வந்தேன்ன."

க்ளென்னுக்கு ஞாபகம் இருந்தது. அதை எல்லோரிடமும் சிரித்துச் சொல்லும் கதையாகத்தான் இத்தனை நாள் வைத்திருந்தான். வாயிலிருந்த சுளை திடீரென்று புளித்தது.

"மில்டூராவுல எனக்கு வாரத்துக்கு மூணு நாள் வேலை. அதுவும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை நீட்டிக்கணும். வார்னம்பூல்ல நிரந்தரம். பக்கத்துத் தெருவுல அக்கா. மில்டூராவுல காய்ச்சல்ல படுத்தா ஒரு டீ போட்டுத் தர ஆள் இல்ல," என்றாள் மார்னி. "நான் உன்கிட்டேருந்து பிடுங்கிட்டுப் போகணும்னு போகல. பிப்பாவுக்கும் பிடிச்சிருக்கு. கடல்னா உசிருன்னு அவளே சொன்னா."

"என்கிட்ட கடல்னா பயம்னு சொன்னா! இங்கயே இருக்கணும்னு அவளே சொன்னா!"

"எப்ப?"

"போன தடவை. பம்ப்செட்டு பக்கத்துல."

"என்கிட்ட போன புதன்கிழமை. கார்ல."

இருவரும் ஒரே நேரத்தில் பிப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிப்பா வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது.

லொரைன் குனிந்து உற்றுப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் சோதனைச் சாவடியில் நின்ற கண் அது. "பிப்பா, அந்தச் சுளை உன் வாயில இருபது நிமிஷமா இருக்கு. முழுங்கு, இல்ல துப்பு."

பிப்பா காகிதக் கைக்குட்டையில் துப்பினாள். துப்பிவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஆரஞ்சு பிடிக்காது."

ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தான். லொரைன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை உயர்த்தி அவனை அடக்கினாள்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டான் க்ளென். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"எப்பவுமே."

"போன வருஷம் ஆரஞ்சுத் திருவிழாவுல போட்டில கப்பு வாங்கினியே!"

"அது உரிக்கிற போட்டிப்பா. தின்னச் சொல்லல."

மார்னி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. க்ளென்னுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. நாலாயிரம் மரத்துக்குச் சொந்தக்காரன், தன் பெண் பத்து வருடமாக ஆரஞ்சைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துச் சமாளித்ததைக் கவனிக்கவில்லை.

"ஏன்டா கண்ணு சொல்லல?"

"நீங்க கேக்கும்போதே பதிலையும் சேத்துத்தான் கேக்கறீங்க. பழம் சூப்பரா இருக்குல்லன்னு நீ கேப்ப. கடலு ஜாலியா இருக்கும்லன்னு அம்மா கேப்பா. உங்க மூஞ்சியப் பாத்தா ஆமான்னுதான் சொல்ல வருது."

மார்னியின் சிரிப்பு நின்றுபோனது. அவள் கையிலிருந்த ஆரஞ்சுத் தோல் மேஜையில் விழுந்தது. அவளுடைய பாயிண்டும் போய்விட்டது, அவனுடைய பாயிண்டும் போய்விட்டது என்று இருவருக்கும் புரிந்தது.

"சரி. நாங்க பதில் சேக்காம கேக்கறோம்," என்றாள் மார்னி மெதுவாக. "உனக்கு என்ன வேணும்?"

பிப்பா யோசித்தாள். பிறகு நோட்டை இழுத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, முதுகைத் திருப்பி உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். ஒரு வரி இல்லை, இரண்டு வரி இல்லை. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கமும் புரண்டது. லொரைன் லாரிக்காரனின் பெட்டியைச் சோதித்து, இரண்டு அவகாடோவைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வரும் வரை எழுதினாள். பெற்றவர்கள் இருவரும் அவள் முதுகைப் பார்த்தபடி, தெரியாமலேயே ஆளுக்கு இன்னும் மூன்று பழம் தின்றுவிட்டார்கள்.

பிப்பா நோட்டை மூடி, தலைமுடி கட்டும் ரப்பர் பேண்டைக் கழற்றி அதன்மேல் மாட்டினாள்.

"செவ்வாய்க்கிழமைதான் திறக்கணும். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து படிக்கணும். ஒருத்தர் மட்டும் படிக்கக் கூடாது."

நோட்டு யாரிடம் இருப்பது? வழக்கப்படி பிப்பாவோடு க்ளென் வீட்டுக்குப் போக வேண்டும்.

"மார்னி, நீயே வெச்சுக்கோ. நான் வெச்சா இன்னிக்கு சாப்பாட்டுக்கு முன்னாடியே படிச்சிடுவேன்," என்றான் க்ளென்.

"நான் கார் ஸ்டார்ட் பண்றதுக்குள்ள படிச்சிடுவேன்," என்றாள் மார்னி.

லொரைன் கையை நீட்டி நோட்டைப் பிடுங்கினாள். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள். பறிமுதல் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதி ஒட்டினாள். க்ளென் எட்டிப் பார்த்தான். 'நோட்டு ஒன்று. ஈ இல்லை. அபாயம்: அதிகம்' என்று எழுதியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. நானே கொண்டு வரேன்," என்றாள். "ரெண்டு பேரும் மூட்டை கட்டறத நிறுத்திட்டு, பாயிண்டு எழுதறத நிறுத்திட்டு, ஒழுங்கா வந்து உக்காருங்க."

மிச்சமிருந்த மூன்று ஆரஞ்சுகளை க்ளென் தானே எடுத்துப்போய்த் தொட்டியில் போட்டான். மூன்று தடவை டொம் டொம்மென்று சத்தம் கேட்டது. உயிரொன்றும் போய்விடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நோட்டுக்குப் பதிலாகப் பறிமுதல் சீட்டின் ஓரத்திலேயே மார்னியும் அவனும் கையெழுத்துப் போட்டார்கள். க்ளென் பாயிண்டுத் தாளைச் சுருட்டி வண்டியின் முன்கண்ணாடிக்கடியில் போட்டுவிட்டு, பிப்பாவின் பைகளை ஏற்றினான்.

வண்டி சாவடிக் கோட்டில் நின்றது. லொரைன் முன்பின் தெரியாதவள்போல ஜன்னலருகே வந்து நின்றாள்.

"பழம், காய், செடி, மண்ணு?"

"என்ன லொரைன், இப்பதானே எல்லாம்..."

"உன்னைக் கேக்கல. பிப்பா?"

பிப்பாவின் காதுகள் சிவந்தன. லொரைன் காத்திருந்தாள். கடைசியில் பிப்பா புத்தகப் பையைத் திறந்து, பென்சில் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து அதை எடுத்தாள்.

பதினான்காவது ஆரஞ்சு. தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஒரு பக்கம் அமுங்கித் தட்டையாகியிருந்தது.

"பிடிக்காதுன்ன?" என்றான் க்ளென்.

"தின்னப் பிடிக்காது." பிப்பா அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "ராத்திரி தலகாணிக்கு அடியில வெச்சுப்பேன். உன் சட்டை வாசனை வரும். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு எடுத்து வெச்சுப்பேன், காய்ஞ்சு போற வரைக்கும்."

க்ளென் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

லொரைன் பறிமுதல் பையை விரித்து நீட்டினாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் பையைப் பிடித்த கை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "உள்ள போகக் கூடாது கண்ணு." பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "திரும்பிப் போகக் கூடாதுன்னு எந்தப் போர்டுலயும் எழுதல."

பிப்பாவுக்கு ஒரு விநாடியில் புரிந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். மார்னியின் கார் அப்போதுதான் வளைந்து கிளம்பிக்கொண்டிருந்தது. பிப்பா ஜன்னலைத் தட்டினாள். க்ளென் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஜன்னல் இறங்கியது, பழம் கை மாறியது, பிப்பா தலையணை மாதிரி கையை வைத்துக் காட்டினாள்.

மார்னி அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். பல் கூசுகிறவள் மாதிரி தெரியவில்லை. பிறகு அதைப் பக்கத்து இருக்கையில் வைத்து, உருண்டுவிடாமல் தன் குளிர்ச்சட்டையை அதைச் சுற்றி அணை கட்டினாள். நிமிர்ந்தபோது கண்ணாடி வழியாக அவளும் க்ளென்னும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கையசைக்கவில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

பிப்பா திரும்பி வந்து ஏறினாள். வண்டி கிளம்பியது. பத்து நிமிடத்தில் சாலையின் இரண்டு பக்கமும் ஆரஞ்சுத் தோட்டங்கள் தொடங்கின. மாலை வெயில் கடைசியாக மர உச்சிகளில் நின்றது.

"அப்பா, இந்தப் பேப்பரெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது." பிப்பா முன்கண்ணாடிக்கடியிலிருந்து தாளை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். "இது ஃபாரமா? நான் பாக்கலாமா?"

"பாரு."

அவள் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. "ஒன்பதாவது கேள்விக்கு நீ ஒண்ணுமே எழுதலையே."

க்ளென் திரும்பிப் பார்த்தான். பிப்பாவின் பேனா மை. சாறு பட்டதும் கரைந்து ஓடியிருந்தது. வார்த்தை இருந்த இடத்தில் வெளிறிய நீலக் கறை மட்டும் இருந்தது. ஐந்து வரி இடமும் காலி.

"எழுதியிருந்தேன்."

"என்னன்னு?"

அவன் வெளியே பார்த்தான். வரிசை வரிசையாக அவை ஓடிக்கொண்டே இருந்தன.

"அழிஞ்சு போச்சு," என்றான்.

"பேனா வேணுமா?"

க்ளென் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினான். அவன் தோட்டத்து வாசல் தெரிந்தது. வாசலுக்குள் திருப்பாமல், வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தான்.

"குடு," என்றான்.